பாம்புக்குத் தன் பெயரைக் கொடுத்த டாக்டர் ரஸ்ஸல்



போன ஆடி மாதம், சாரல் விட்டு லேசாக வெயில் அடித்த ஒரு சாயங்கால நேரத்தில், நம் மோட்டார் அறைக்குப் பின்னால் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். குக்கரில் ஆவி போவது போல விட்டுவிட்டு ஒரு சத்தம். மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று காவலாளி சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், வாறுகால் ஓரம் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கிறது ஒரு கண்ணாடி விரியன். கம்பெடுத்து வந்தவர்கள் ஒரு பக்கம், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டவர்கள் ஒரு பக்கம். கடைசியில் தீயணைப்பு வீரர்கள் வந்து அதைப் பிடித்துப் பையில் போட்டு, காட்டில் விடக் கொண்டு போனார்கள்.

அன்று ராத்திரி முழுக்க நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாதம். அடித்துப் போட்டிருக்க வேண்டாமா? பாம்பு அவ்வளவு சத்தமாகச் சீறுமா? கடித்தால் முதலில் எங்கே ஓடுவது? நாட்டு மாத்திரை கேட்குமா?

இந்தக் கேள்விகளில் பலவற்றை 230 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, பதிலைத் தேடி அலைந்த ஒரு மனிதர் உண்டு. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரே ரஸ்ஸல் விரியன் என்பதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்திருப்போம். யார் அந்த ரஸ்ஸல் என்று நான் இத்தனை வயதுவரை யோசித்ததில்லை. அந்த மோட்டார் அறைச் சம்பவத்துக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். இந்த இதழின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அலெப்போவில் ஒரு டாக்டர்

பேட்ரிக் ரஸ்ஸல் 1727-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தகப்பனார் வழக்கறிஞர். பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1750-ல் பட்டம் வாங்கினார். அண்ணன் அலெக்ஸாண்டரும் டாக்டர்தான். இன்றைய சிரியாவிலுள்ள அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களின் லெவான்ட் கம்பெனிக்கு மருத்துவராக இருந்தார். தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1753-ல் அண்ணன் ஊர் திரும்ப, அந்தப் பொறுப்பு தம்பிக்கு வந்தது.

1760 முதல் 1762 வரை அலெப்போவைப் பிளேக் நோய் சூறையாடியது. நோய் எப்படிப் பரவுகிறது என்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. கிருமிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. வெளிநாட்டு வணிகர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரஸ்ஸல் ஊரை விட்டு ஓடவில்லை. நெருங்கித் தொடாமல், உயரத்திலிருந்த ஜன்னல் வழியாகக் கீழே நிற்கும் நோயாளிகளைப் பார்த்து யோசனை சொல்வது அவர் கண்ட வழி. கொரோனா காலத்தில் நாம் கம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டோமே, ஏறக்குறைய அதுபோல. ஒவ்வொரு நோயாளிக்கும் என்னென்ன அறிகுறி, எத்தனையாவது நாள், பிழைத்தாரா இல்லையா என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1791-ல் பிளேக் பற்றிய பெரிய நூலாக வெளிவந்தன.

அவர் குணத்தைக் காட்டும் இன்னொரு விஷயமும் அலெப்போவில் நடந்தது. அம்மை நோய் வராமல் இருக்க, நோயாளியின் அம்மைக் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து ஆரோக்கியமான குழந்தையின் தோலில் குத்தும் வழக்கம் அரபு நாடோடி மக்களிடம் இருந்தது. ஐரோப்பாவில் படித்த டாக்டர் என்ற கர்வமில்லாமல், அந்த மக்களிடமே விசாரித்து, வழிவழியாக அவர்கள் செய்துவந்ததை எழுதி அண்ணனுக்கு அனுப்பினார். அது 1768-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சானது. பசு அம்மையைக் கொண்டு ஜென்னர் தடுப்பூசி போட்டது இதற்கு 28 ஆண்டுகள் கழித்துத்தான்.

உள்ளூர் ஆட்களிடம் கேட்பது, கேட்டதைச் சோதித்துப் பார்ப்பது, பார்த்ததைத் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைப்பது. இந்த மூன்று பழக்கங்களும் பின்னால் நம் நாட்டுப் பாம்புகள் விஷயத்தில் கைகொடுத்தன.

விசாகப்பட்டினத்துக்கு வந்த கதை

1771-ல் அலெப்போவை விட்டுக் கிளம்பி லண்டனில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1777-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. வயது 50 ஆகிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாதாரண மனிதராக இருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். ஆனால் சகோதரர் குளாட், கிழக்கிந்தியக் கம்பெனியின் விசாகப்பட்டின நிர்வாகப் பொறுப்பேற்று இந்தியாவுக்குக் கிளம்ப, 1781-ல் இவரும் கப்பலேறினார். அப்போது அவருக்கு 54 வயது. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயது.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தவர் ஜோஹன் கேர்ஹார்ட் கோனிக். தரங்கம்பாடி டேனிஷ் குடியிருப்புக்கு டாக்டராக வந்து, பிறகு கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானவர். அவர் 1785-ல் இறந்துபோக, அந்தப் பதவி ரஸ்ஸலுக்கு வந்தது. மூங்கில் கணுவுக்குள் கிடைக்கும் மூங்கில் உப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விசாகப்பட்டினக் கடல் மீன்களைப் படம் வரையச் செய்தார். அதுவே பின்னாளில் 200 மீன்களைப் பற்றிய நூலாயிற்று.

ஆனால் அவர் மனதை அதிகம் பிடித்துக்கொண்டது பாம்புகள்தான். காரணம் எளியது. ஆண்டுதோறும் எத்தனையோ பேர் பாம்பு கடித்துச் செத்தார்கள். எந்தப் பாம்பு விஷப்பாம்பு, எது இல்லை என்று கம்பெனி டாக்டர்களுக்கே தெளிவில்லை. சாதுவான பாம்பு கடித்தவன் பயத்தில் நடுங்கினான். கொடிய பாம்பு கடித்தவன் ஒன்றுமில்லை என்று படுத்து உறங்கினான். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் நடந்தது.

1787-ல் விஷப்பாம்புகளை அடையாளம் காணும் முறை பற்றி அவர் எழுதிய குறிப்பைச் சென்னையில் அரசே அச்சிட்டது. வெளி அடையாளம் ஒன்றைச் சொல்லிவிட முடியுமா என்று அவர் தேடினார். நிறம் பாம்புக்குப் பாம்பு மாறியது. தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்ற கணக்கும் பொய்த்தது. நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. வயிற்றுச் செதில்களை எண்ணினார், வால் செதில்களை எண்ணினார். கடைசியில் வாயைத் திறந்து விஷப்பல் இருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயமான வழி என்றாயிற்று. அதை வயலில் நிற்கும் விவசாயி எப்படிச் செய்வார்? அதனால்தான் நல்ல படங்களோடு ஒரு புத்தகம் வேண்டும் என்று அவர் நினைத்தார். பார்த்தவுடன் இது இன்ன பாம்பு என்று தெரிய வேண்டும் அல்லவா?

தஞ்சாவூர் மாத்திரை

அப்போது தென்னாட்டில் பாம்புக்கடிக்குப் பேர்போன மருந்து தஞ்சாவூர் மாத்திரை. அதில் பாஷாணம் சேர்ந்திருந்தது. கம்பெனிக்காரர்களும் அதை நம்பினார்கள். கடித்தால் மாத்திரை கொடு, பிழைத்தால் மாத்திரையால் பிழைத்தான், செத்தால் விதி. இப்படித்தான் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ரஸ்ஸல் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்தார் என்றே சொல்ல வேண்டும். கோழிகளையும் நாய்களையும் பாம்புகளைக் கடிக்கவிட்டு, எந்தப் பாம்பு, கடித்த நேரம், எத்தனை நிமிடத்தில் தள்ளாடியது, எப்போது விழுந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார். இன்றைக்கு நினைத்தால் கொடுமையான சோதனைதான். அக்காலத்தில் வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. மருந்து கொடுத்தவற்றையும் கொடுக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புகழ்பெற்ற அந்த மாத்திரை உட்பட எதுவும் பேருக்கேற்ற பலனைக் காட்டவில்லை.

இதிலுள்ள சூட்சுமம் இன்றைக்கும் பொருந்தும். நாம் காணும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு முறையும் உயிரை எடுக்கும் அளவுக்கு விஷம் இறங்குவதில்லை. எனவே பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் பலர் பிழைப்பார்கள். பிழைத்தவர்களெல்லாம் மருந்துக்குச் சாட்சி ஆகிவிடுகிறார்கள். பிழைக்காதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

எனக்கு இதைப் படித்தபோது ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் தெருவில் ஒரு மாமா கார் அறுவடைக்குப் போன இடத்தில் விரியன் கடித்துவிட்டது. கட்டுக்கட்டி, வண்டி பூட்டி, முதலில் மந்திரிக்கிறவரிடம்தான் கொண்டு போனார்கள். அங்கே வேப்பிலை அடித்து, மாத்திரை கொடுத்து, விஷம் இறங்கிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மோர் குடித்தார், பேசினார். மறுநாள் காலையில் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலம் கடந்துவிட்டது. அவருடைய கடைசி மகளுக்கு அப்போது என் வயதுதான். ரஸ்ஸல் அந்தச் சோதனைகளைச் செய்து முடித்து இரண்டு நூற்றாண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

உள்ளூர்ப் பெயரில் ஒரு புத்தகம்

1789 ஜனவரியில் ரஸ்ஸல் தாய்நாட்டுக்குக் கிளம்பினார். பதவி வில்லியம் ராக்ஸ்பரோவுக்குப் போனது. 1796-ல் கம்பெனியின் செலவில் ரஸ்ஸலின் நூல் லண்டனில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றிய பெரிய அளவுப் படப் புத்தகம் அது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், பாம்புகளுக்கு அவர் உள்ளூர் மக்கள் சொன்ன பெயர்களையே எழுதி வைத்ததுதான். கண்ணாடி விரியனுக்கு அவர் கொடுத்த பெயர் காட்டுக ரேகுல பொட. காட்டுக என்றால் தெலுங்கில் கண்மை. பாம்பின் முதுகிலுள்ள கரும்புள்ளி வரிசையைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட கட்டு விரியனுக்கு பங்காரு பாம்பு, அதாவது பொன் பாம்பு என்ற பெயர். இன்றைக்கு உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் கட்டு விரியன் இனத்தை பங்காரஸ் என்று அழைப்பது அந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்ததே.

இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் 1797-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் கண்ணாடி விரியனின் விஞ்ஞானப் பெயரில் ரஸ்ஸலைச் சேர்த்தார். சுருட்டை விரியனுக்கும் இந்தப் புத்தகத்தின் வழியாகவே 1801-ல் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. அந்தப் பாம்பின் மூல ஊராக உலகப் பட்டியல்களில் இன்றும் பதிவாகியிருப்பது நம் ஆரணி.

சீறலும் உரசலும்

இந்த இரண்டு விரியன்களும் சத்தம் போடுவதில் இரண்டு வகை. மோட்டார் அறைச் சம்பவத்துக்கு இங்கே பதில் இருக்கிறது.

பெரும்பாலான பாம்புகளுக்கு நம்மைப் போலக் குரல் நாண் இல்லை. மூச்சுக் காற்றுதான் அவற்றின் குரல். கண்ணாடி விரியன் உடம்பை உப்பவைத்துக் காற்றை நிரப்பிக்கொண்டு, குரல்வளை வாயையும் பெரிய மூக்குத் துளைகளையும் தாண்டி வேகமாக வெளியேற்றும். நம் நாட்டுப் பாம்புகளில் இவ்வளவு பலமாகச் சீறுவது வேறில்லை. குக்கர் சத்தம் என்று நம் காவலாளி ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

சுருட்டை விரியன் வேறு ரகம். ஒரு முழம் இரண்டு முழம்தான் இருக்கும். வாயைத் திறக்காமலே சத்தம் போடும். அதன் பக்கவாட்டுச் செதில்கள் சாய்வாக, ரம்பப் பல் போலச் சொரசொரவென்று இருக்கும். உடம்பை அரைவட்டமாக மடித்து, மடிப்போடு மடிப்பை உரசினால், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சரசரவென்று ஓசை எழும். சீறினால் மூச்சோடு உடம்பின் ஈரமும் போகும், உரசினால் போகாது. வறண்ட பூமியில் வாழும் பாம்புக்கு இது ஒரு சிக்கனம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

சாரைப் பாம்பும் நெருக்கினால் உறுமும். ராஜநாகம் உறுமுவது நாய் உறுமுவது போலக் கனமாக இருக்கும். அதன் மூச்சுக்குழலோடு சேர்ந்த பைகள் அந்த ஒலியைக் கனக்கச் செய்கின்றன.

பாம்புக்குக் காது உண்டா என்றும் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கூர்மையாகக் கேட்பவரைப் பாம்புச் செவி என்கிறோம். பழந்தமிழிலோ பாம்புக்குக் கட்செவி என்று பெயர், கண்ணே காதாக உள்ளது என்று பொருள். உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. வெளிக்காது இல்லை. ஆனால் உட்காது உண்டு, அது தாடை எலும்போடு இணைந்திருக்கிறது. தரையில் வரும் அதிர்வையும், காற்றில் வரும் கனத்த ஒலிகளையும் பாம்பு உணரும். மகுடிக்கு ஆடுவதாகத் தோன்றுவது, அதன் அசைவைக் கண்ணால் தொடர்வதே.

சலங்கை கட்டிய தூரத்துச் சொந்தம்

ரஸ்ஸலின் புத்தகத்தில் பொட்ரு பாம்பு என்ற பெயரில் பச்சை நிறப் பாம்பு ஒன்றும் உண்டு. நாம் மூங்கில் குழிவிரியன் என்பது அதுதான். இந்தக் குழிவிரியன் கூட்டத்தைச் சேர்ந்த பாம்புகள் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும், நம் குற்றாலம் பக்கத்து மழைக்காடுகளிலும் வாழ்கின்றன. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருப்பதால் அந்தப் பெயர்.

அந்தக் குழி எதற்கு என்ற கேள்வி ரஸ்ஸலைக் கடைசிவரை விடவில்லை. 1804-ல், 77 வயதில், எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து ராயல் சொசைட்டி இதழில் அதைப் பற்றி எழுதினார். விடை 1930-களில்தான் கிடைத்தது. இருட்டிலும் எலியின் உடல் சூட்டை உணரும் கருவி அது. அதே ஆண்டில் நல்ல பாம்பு படமெடுப்பதைப் பற்றியும் இருவரும் எழுதினார்கள். படம் காற்றால் உப்புவதில்லை, கழுத்துப் பக்கத்து நீண்ட விலா எலும்புகள் குடைக்கம்பி போல விரிவதே படம்.

இதே குழி அமெரிக்காவின் சலங்கைப் பாம்புக்கும் உண்டு. அதாவது அது நம் மலைக் குழிவிரியனுக்குச் சொந்தக்காரப் பாம்பு. ஆனால் சலங்கைப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அதன் வாலில் உள்ள சலங்கைக்குள் கல்லோ விதையோ கிடையாது. நம் நகத்தைப் போன்ற பொருளாலான உள்ளீடற்ற வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். முதல் ஒற்றைக் குமிழோடு திரியும் குட்டிக்குச் சத்தம் வராது, இரண்டாவது வளையம் வந்து உரசினால்தான் ஓசை. ஆண்டுக்குப் பல முறை சட்டை உரிப்பதாலும், பழைய வளையங்கள் உடைந்து விழுவதாலும், வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது.

வாலின் தசைகள் நொடிக்கு 20 முதல் 90 முறை வரை சுருங்கி விரியும். வெயில் ஏறினால் வேகமும் ஏறும். அப்படியே மணிக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருக்க முடியும், தசை சோர்வதில்லை. நாம் நெருங்க நெருங்க மெதுவாக ஆட்டி, குறிப்பிட்ட தூரம் வந்ததும் திடீரென்று வேகத்தைக் கூட்டும் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கேட்பவருக்குப் பாம்பு மிக அருகில் வந்துவிட்டது போலத் தோன்றும். கால் தானாகப் பின்வாங்கும்.

நம் ஊரில் தோட்டவெளியில் மஞ்சள் பூப்பூத்து, காய்ந்த காய் குலுங்கும் கிலுகிலுப்பைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியின் தாவரவியல் பெயரும் சலங்கைப் பாம்பின் விஞ்ஞானப் பெயரும் தாளக்கருவியைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. சலங்கை இல்லாத பாம்புகளும் இந்த வித்தையை அறியும். சாரைப் பாம்பும், நம் மலையிலுள்ள கூர்மூக்குக் குட்டைக் குழிவிரியனும் பயந்தால் வாலை அதிர வைக்கும். காய்ந்த சருகில் பட்டால் அதுவே சலங்கைதான்.

பெயர் பெற்ற பாம்பின் பின்கதை

ரஸ்ஸல் 1805 ஜூலை 2-ம் தேதி லண்டனில் காலமானார். பாம்பு நூலின் இரண்டாம் பாகத்தில் மிச்சமிருந்த பகுதிகள் அவர் இறந்த பிறகு 1809-ல் முடிந்தன. விஷத்துக்குச் சரியான மாற்று மருந்தை அவர் கண்ணால் காணவில்லை. அது வர மேலும் 90 ஆண்டுகள் ஆயின. 1890-களில் பிரான்ஸ் நாட்டு ஆல்பர்ட் கால்மெட், விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலங்குக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எதிர் மருந்து எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். இன்று நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதில் பெரும்பங்கு, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் செய்தியில் பார்த்திருப்போம்.

கொல்லும் விஷமே மருந்தாகவும் ஆனது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் தன்மையுடையது. உடம்புக்குள் போனால் உறைவிக்கும் சத்தையெல்லாம் தீர்த்துவிட்டு, பிறகு ரத்தம் உறையவே முடியாமல் செய்துவிடும். எங்கள் தெரு மாமாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது அதனால்தான். 1934-ல் லண்டன் மருத்துவர்கள் இந்த விஷத்தை மிகவும் நீர்க்கவைத்து, ரத்தம் உறையாத நோயுள்ளவர்களின் காயத்தில் தடவிக் கசிவை நிறுத்தினார்கள். இன்றும் சில ரத்த நோய்களைக் கண்டறியும் பரிசோதனை ஒன்று ரஸ்ஸல் விரியன் விஷம் என்ற பெயரோடுதான் ஆய்வுக்கூட அறிக்கையில் வருகிறது.

நாம் செய்ய வேண்டியது

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மருந்து இருந்தும் இத்தனை பேர் என்றால், மருந்து இருக்கும் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேராததே அதில் பெரும்பகுதிக்குக் காரணம்.

எனவே வாட்ஸ்அப் வாதத்துக்கு என் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

சீறலோ உரசலோ கேட்டால் அங்கேயே நின்று, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். பாம்பு சத்தம் போடுவது நம்மைக் கடிக்க அல்ல, கடிக்காமல் தப்பிக்க. அன்று அது சீறியிருக்காவிட்டால், இருட்டில் மட்டையை எடுக்கப் போன காவலாளியின் கை அதன்மேல் பட்டிருக்கும். கம்பை எடுத்தால்தான் ஆபத்து. பாம்பை அடிக்கப்போய்க் கடிபட்டவர்கள் ஏராளம். 101-க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள்.

எல்லாப் பாம்பும் அறிவிப்புக் கொடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். கட்டு விரியன் ராத்திரியில் சத்தமில்லாமல் வரும், கடித்த தடமும் வலியும் சில சமயம் தெரியாது. தரையில் படுக்காதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். தென்னை மட்டை, செங்கல், விறகு ஆகியவற்றைச் சுவரோரம் குவிக்காதீர்கள். குப்பை சேர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும்.

கடித்துவிட்டால் கடித்த நேரத்தைப் பாருங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கயிறு கட்டவோ கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நமக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பாம்பை அடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. அங்கே சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். நேரத்தைக் குறிப்பது, அறிகுறியைப் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது. ரஸ்ஸல் அலெப்போவிலும் விசாகப்பட்டினத்திலும் செய்ததும் இதைத்தான்.

அடுத்த ஆடிச் சாரலில் மோட்டார் அறைப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டால், யாரும் சுவிட்சைத் தேட வேண்டாம். இரண்டடி பின்னால் நின்று, குழுவில் ஒரு செய்தி போடுங்கள். மட்டைகளை அப்புறப்படுத்தும் வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். செருப்பல்ல, ஷூ போட்டு வாருங்கள்.